கருவாட்டுச் சாக்கில் கட்டிய பிரேம்கள்

எனக்கு எழுபத்து மூன்று வயது நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுவிட்டுப் போனவள். இதில் யார் எவள் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதே இல்லை. ஐந்து பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். நான் போனது இரண்டாம் வகுப்பில் பாதி வரை. என் பெயரைக் கூட்டி எழுதுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பெரிய மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது, ஆனால் அன்றைக்கு ஆட்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். அவசரமில்லை. மெதுவாகத்தான் சொல்வேன்.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். கம்பெனி என்று சொன்னாலும் அது ஒரு நீளமான தகரக் கொட்டகைதான். எண்ணூரில் புதுத் துறைமுகம் கட்டுவதற்குக் கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள். கொட்டகையின் முன்பக்கம் வெல்டிங், நடுவில் பெயிண்ட், பின்பக்கம் நாங்கள் நான்கு பெண்கள். முதலாளி ராயபுரத்து பாய். நல்ல மனிதர், கோபக்காரர்.

கடைத்தெருவில் பெயர்ப் பலகை பார்க்கிறீர்கள். ரோட்டோரத்தில் வளைவு வருகிறது என்று காட்டுகிற பலகை பார்க்கிறீர்கள். அது எல்லாவற்றுக்கும் பின்னால் இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு கூடு இருக்கும். அதைத்தான் பிரேம் என்போம். பலகையை உலகமே பார்க்கிறது. அதன் முதுகை நான் பதினாறு வருஷம் பார்த்தேன்.

செய்து முடித்த பிரேம்களை வகை பிரித்து, வெளியூருக்குப் போகிற மாதிரிக் கட்டுவது எங்கள் வேலை. கட்டுவதை யாரும் இரண்டே நாளில் கற்றுக்கொள்வார்கள். பிரிப்பதுதான் வேலை. லாரி புக்கிங்கிலும் சரி, கப்பலிலும் சரி, கனமான சரக்குக்கு எடை பார்ப்பார்கள், கனமில்லாமல் இடத்தை அடைத்துக்கொள்கிற சரக்குக்கு நீள அகலம் பார்ப்பார்கள். ஆங்கிள் இரும்பில் செய்த பிரேம் சின்னதாக இருக்கும், தூக்கினால் தோள் இறங்கும். அலுமினியப் பெட்டி பிரேம் ஆள் உயரம் இருக்கும், ஒரு விரலில் தூக்கலாம். இரண்டையும் ஒரே கட்டில் போட்டால் புக்கிங்காரன் எது தனக்கு லாபமோ அந்தக் கணக்கில் மொத்தக் கட்டையும் எழுதிவிடுவான். அதனால் வகை வகையாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு பெரிய பிரேமுக்குள் அடுத்த அளவு, அதற்குள் அதற்கும் சின்னது என்று அடுக்க வேண்டும். வெளியே இருப்பதைத் தாய் என்போம், உள்ளே போவதைப் பிள்ளை என்போம். ஐந்து பிள்ளை வரைக்கும் ஒரு தாய்க்குள் நான் அடக்கியிருக்கிறேன்.

எனக்கு டேப் படிக்க வராது. முடிச்சுப் போட்ட நூல் வைத்திருந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூலைப் பிடிப்பேன், பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடிப்பேன். இரண்டும் ஒரே முடிச்சில் நின்றால் பிரேம் நேராக இருக்கிறது. நிற்காவிட்டால் கோணல், திரும்பவும் வெல்டிங்குக்குப் போக வேண்டும். மூலையில் ஸ்பானரால் தட்டுவேன். நல்ல வெல்டிங் டங்கென்று சொல்லும். விரிசல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துப்போகும். பாய் இதைப் பார்த்துவிட்டுத்தான் பின்பக்கத்தை என் பொறுப்பில் விட்டார். நான் பார்த்த கட்டின் மேல் சாக்பீஸால் மூன்று புள்ளி வைப்பேன். அந்த மூன்று புள்ளி இல்லாமல் எந்தக் கட்டும் லாரி ஏறாது. எனக்கு அதில் கர்வம் இருந்தது. இருந்தால் என்ன, வேலை தெரிந்தவளுக்கு இருக்கத்தான் வேண்டும்.

கட்டின் மேல் தகரத்தை வெட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த படங்கள் இருக்கும். குடை போட்டிருந்தால் மழையில் நனையக் கூடாது. கண்ணாடி டம்ளர் போட்டிருந்தால் மெதுவாக வைக்க வேண்டும். மேல் நோக்கிய அம்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம்தான் மேலே. எந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கினாலும் இதே படங்கள்தானாம். பெரிய பெரிய கப்பல் கம்பெனிக்காரர்கள்கூட என்னைப் போன்ற ஆள்தான் கடைசியில் மூட்டையைத் தொடுகிறான் என்று நினைத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இனி பெயிண்டரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் புளியந்தோப்புக்காரர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். பிரேமுக்கு முதலில் செங்காவி நிறத்தில் துரு பிடிக்காத பெயிண்ட், அதன் மேல் சாம்பல் நிறம், இரண்டும் அவர் கைதான். போர்டு எழுதவும் தெரியும். அதனால் எங்களை எல்லாம் ஒரு படி கீழேதான் பார்ப்பார். நான் நூலை எடுத்தால் போதும், அங்கிருந்தே குரல் வரும்.

"இன்னா யக்கா, தாலிக்கயிறு மாதிரி அத்த கண்ணுல ஒத்திகினு கீற? டேப்பு வாங்கித் தரட்டா?"

"நீ மொதல்ல மூலைல பெயிண்டு வுடாம அடி நைனா. அப்பால டேப்பு வாங்கு."

"மூட்ட கட்றவளுக்குப் பெயிண்டப் பத்தி இன்னா தெரியும்? வந்துட்டா சொல்றதுக்கு!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த வார்த்தை மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் கேட்டேன், தினமும் உட்கார்ந்தது.

ஒரு வருஷம் புதுச் சாக்கு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பிரேம் கட்டின் நான்கு மூலைக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவோம், அடி படாமல் இருக்க. நடுப்பக்கங்களில் பெயிண்ட் சுரண்டாமல் இருக்கச் சாக்கைச் சுற்றித் தைப்போம். சாக்கு இல்லாமல் வேலை நின்றது. அப்போது நான்தான் வழி சொன்னேன். என் நாத்தனார் காசிமேட்டில் கருவாடு விற்கிறவள். கருவாடு வருகிற சாக்குகள் அவள் வீட்டில் மலையாகக் கிடக்கும். அது பழகிப் பழகி மெத்து மெத்தென்று இருக்கும், புதுச் சாக்கைவிட பிரேமுக்கு அதுதான் இதம். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சண்டை போட்டான், மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் உதறினோம். இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டோம். கூட வேலை செய்தவர்களில் ஒருத்தி, கொருக்குப்பேட்டைக்காரி, கேட்டாள்.

"யக்கா, தண்ணில அலசிப் போடலாமா?"

"உனுக்கு அறிவு கீதா? இரும்பச் சுத்தப் போற சாக்க நனைப்பியா? ஈரம் பட்டா துருப் புடிக்கும். உதறுனா போதும்."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஈரம் இரும்புக்கு ஆகாது என்பது தெரிந்ததால்தான் சொன்னேன். தெரியாதவளாக இருந்திருந்தால் அலசியிருப்பேன்.

வாசனை இருந்திருக்க வேண்டும். எங்களில் யாருக்கும் அது வாசனையாகவே படவில்லை. கடல் பக்கம் கருவாடு, மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வந்தால் மூக்கெரிச்சல், நடுவில் பெயிண்ட். எங்கள் மூக்கு எதையும் புதிதாகச் சொல்லாது. அந்தச் சாக்கு சுற்றி வேலூர் போனது, நெல்லூர் போனது, ஒரு குறையும் வரவில்லை. பாய் எல்லோர் முன்னாலும், "பாருங்கய்யா, ஒரு பொம்பள யோசன பண்ணிச்சி, வேல நிக்கல" என்றார். பெயிண்டர் அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் பிரஷ் கழுவினார். நான் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பிறகு அந்தமானுக்குச் சரக்கு வந்தது. அங்கே ஒரு காண்டிராக்டர், தீவில் ரோட்டுப் பலகைகள் வைக்கிறவர். கொட்டகையில் அதுவரைக்கும் வந்ததில் பெரிய வேலை அதுதான். ஐப்பசி மழையில் செய்து, கார்த்திகையில் கட்டி, மூன்று புள்ளி வைத்து அனுப்பினேன். சரக்கு நம் துறைமுகத்தில் சில நாள் கிடந்தது, கப்பலின் அடித்தட்டில் சில நாள், அந்தத் துறைமுகத்தில் சில நாள். எங்கும் ஈரக் காற்று.

மார்கழியில் அத்தனை கட்டும் திரும்பி வந்தது. பாய்க்கு அப்போது நோன்பு. லாரியிலிருந்து முதல் கட்டை இறக்கிப் பிரித்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. சாம்பல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வீங்கி, உள்ளே துரு.

"பெயிண்டுல தின்னர ஊத்தி ஊத்தி அடிச்சிகீறான்" என்றார் பாய். "மிச்ச டின்னு எங்க போச்சி? வெளில வித்துகினு கீறானா?"

பெயிண்டர் ஓடி வந்தார். "பாய், எம் புள்ளைங்க மேல சத்தியமா அளவாத்தான் கலந்தேன். வாயில வந்தத சொல்லாத பாய்."

"எறங்கிப் போ. உன் மூஞ்சில முழிக்க மாட்டேன் நானு."

அந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் வேலை போவது பெரிய விஷயமில்லை. ஒன்று போனால் அடுத்த சந்தில் ஒன்று. ஆனால் தின்னர் ஊற்றிப் பெயிண்டைத் தண்ணீராக்கி மிச்சத்தை விற்றவன் என்று பெயர் வந்துவிட்டால் திருவொற்றியூர் முழுக்க ஒருவனும் பிரஷ்ஷைக் கையில் தர மாட்டான். பெயிண்டருக்கு வேறு தொழிலும் தெரியாது. அவர் முகத்தில் அது தெரிந்தது.

திரும்பி வந்த சரக்கையும் பிரிக்க வேண்டியது நான்தானே. எது சரி செய்யலாம், எது பழைய இரும்புக்கு என்று பிரிக்கச் சொன்னார் பாய். பின்பக்கம் கொண்டுபோய்ப் பிரித்தேன். பத்துப் பிரேம் பிரிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் டியூப் சுற்றிய மூலைகளில் பெயிண்ட் புதிதாக இருந்தது. தாய் பிரேமில் சாக்கு பட்ட இடத்தில் மட்டும் பட்டையாகத் துரு. உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒரு பொட்டுத் துரு இல்லை, ஏனென்றால் அதில் சாக்கு படவில்லை. எல்லாம் ஒரே பெயிண்ட், ஒரே கை. துருப்பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாக்கின் நெசவு, குறுக்கும் நெடுக்குமாக, அப்படியே இரும்பில் பதிந்திருந்தது. எனக்கு எழுத்து வராது. ஆனால் அதைப் படிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு.

தெரிந்ததும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த பிரேமை எடுத்தேன்.

அன்றைக்கும் மறுநாளும் பெயிண்டர் கொட்டகை வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாய் வெளியே வந்தால் எழுந்து நிற்பார். பாய் பார்க்காமல் போவார். மறுநாள் நான் டீ வாங்கப் போனபோது என்னிடம் வந்தார். கிண்டல் எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"யக்கா, நீ தெனம் என் பெயிண்டத் தொட்டுப் பாக்குறவ. தண்ணியாவா இருந்திச்சி? நீ ஒரு வார்த்த சொன்னா பாய் கேப்பாரு. சொல்லேன்."

நான் சொன்னேன்: "எனுக்கு இன்னா தெரியும் நைனா? நான் மூட்ட கட்றவ."

அவர் சொன்ன வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் இருந்தது.

அன்று மாலை பாய், பிரேம்களை வேறு ஆள் வைத்துச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். "அதே சாக்கு கொண்டா. அதான் நல்லா கீது." நானும் யோசித்தேன். சத்தமில்லாமல் வேறு சாக்குக்கு மாறிவிடலாம். இதைக் காசிமேட்டில் எரித்துவிடலாம். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேரும், என் மூன்று புள்ளிக்குக் கேடு வராது, கூட இருக்கும் மூன்று பெண்களுக்கும் வேலை நிலைக்கும். எல்லாம் சரியாகிவிடும், அந்த ஒரு ஆளைத் தவிர. இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தால் முடிச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை. வீட்டில் ஐந்து பேருக்கும் சோறு போட்டுவிட்டு எனக்குப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது பெஞ்ச் காலியாக இருந்தது. டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே வேற கொட்டாயில வேல கேக்கப் போனான். தின்னர் திருடன்னு சொல்லி வெரட்டிகீறானுங்க. வூட்டுக்குப் போய்ட்டான்."

அவர் எதிரே உட்கார்ந்திருந்த வரைக்கும் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தது. காலி பெஞ்சைப் பார்த்து என்ன கோபப்படுவது?

நேராகப் பாயிடம் போனேன். ஒரு தாயையும் அதன் பிள்ளையையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"பாய், இத்தப் பாரு. சாக்கு பட்ட எடம் துரு. படாத எடம் புச்சு. பெயிண்டுல கொறன்னா பிள்ளைல மட்டும் எப்டி தப்பிக்கும்?"

பாய் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற நீ?"

"நான் கொண்டாந்த சாக்கு. கருவாட்டு உப்பு. நாக்குல வெச்சிப் பாரு."

"நோன்பும்மா!" என்று கையை விலக்கிக்கொண்டார். வெல்டரைக் கூப்பிட்டார். வெல்டர் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மெய்யாலுமே உப்புதான் பாய். கொஞ்சம் சோறு கீதா?"

யாரும் சிரிக்கவில்லை. பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எப்பத் தெரிஞ்சிது உனுக்கு?"

"இப்பதான் பாய். இத்தப் பிரிக்கசொல்லோ தெரிஞ்சிது."

நோன்பு பிடித்திருந்த மனிதரிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் நம்பினார். ஆளனுப்பிப் பெயிண்டரைக் கூட்டி வந்தார், எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கொட்டகைகளுக்கெல்லாம் தானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னைத் திட்டினார், திட்டிவிட்டு, "தெரிஞ்ச நிமிஷமே வந்து சொல்லிச்சி பாரு, அதான் மனுஷி" என்றார். அந்தத் திட்டைத் தாங்கிக்கொண்டேன். புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நாங்கள் நான்கு பேரும் உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்து எடுக்கப் பொங்கல் வந்துவிட்டது. அதன் பிறகு பழைய சாக்கு எதுவானாலும் முதலில் நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.

பெயிண்டர் மறுபடி கிண்டலை ஆரம்பித்தார். என் பெயரே "கருவாடு" ஆகிவிட்டது. ஒரு நாள் தகரத்தில் மீன் உருவம் வெட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இந்தா யக்கா, இனிமே புள்ளி வெக்காத. இத்த வெச்சி அடி. உன் சாமானுன்னு ஊரே தெரிஞ்சிக்கும்."

குடை, டம்ளர், அம்பு, பக்கத்தில் ஒரு மீன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், இதில் கருவாடா இருக்கிறது என்று கேட்டார்களாம். அந்த மீனோடுதான் மீதிப் பிரேம்கள் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன, திரும்பி வரவில்லை. நான் வேலையை விட்டு நின்ற நாள் வரை ஒவ்வொரு கட்டிலும் அதை அடித்தேன். தகரம் இப்போதும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

என் பெரிய மகன் இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்வான். "எங்கம்மா அன்னிக்கே மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சி" என்பான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பேன். போன மாதம் பெயிண்டர் தவறிவிட்டார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து, வந்திருந்தவர்களிடம் எல்லாம், "இந்த யக்காதான் அவரு மானத்தக் காப்பாத்துச்சி. சாவுற வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு" என்று அழுதாள். சாவு வீட்டில் வைத்து எதைச் சொல்வது? கையைக் கொடுத்துவிட்டு நின்றேன். நான் இரண்டு நாள் மறைத்தது அவருக்குக் கடைசி வரை தெரியாது. பாயும் எப்போதோ போய்விட்டார். கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லாத பிறகு சொல்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. இருக்கிறவர்களாவது சரியாகத் தெரிந்துகொள்ளட்டும். அவர் மனைவிக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும், கூட நானே போவேன்.

இதைச் சொல்லும்போது பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஆயா, ரெண்டு நாள்னு போடணுமா? அன்னிக்கே சொன்னன்னு போடட்டா? அப்பா சொல்ற மாதிரி?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் என்றே போடு என்று சொன்னேன். போட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும், நான் பஸ் நம்பர் படிக்கிறவள்.

எழுதினது போதும்மா. பேனாவை வை. சாக்கு வந்த இடத்திலிருந்து மெதுவாகப் படி, நான் கேட்கிறேன்.